மழையில் மூடும் முன் கண்ணாடி, சூடேறாத பின் கண்ணாடி: குமரி மாவட்டத்தில் கார் ஓட்டுபவர்களுக்கான கேள்வி பதில்

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. மழை இல்லாத நாளிலும் கடற்காற்றில் ஈரம் குறைவதில்லை. ஐஸ் கட்டாத ஊர்தான். ஆனாலும் கார் கண்ணாடியில் ஆவி படிந்து வழி மறைவது இங்கே வருஷம் முழுக்க உள்ள தொல்லை. பல கார்களின் பின் கண்ணாடியில் இதற்கென்றே சூடேறும் கோடுகள் இருந்தும், அந்தச் சுவிட்சை யாரும் தொடுவதில்லை. வெளிநாட்டுக் குளிரில் கார் ஓட்டும் பிள்ளைகள் நம்மூரில் பல வீடுகளில் இருப்பதால், முன் கண்ணாடியையே சூடாக்கும் அமைப்பைப் பற்றியும் பின்பகுதியில் எழுதியிருக்கிறோம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ணாடி திடீரென்று வெளுத்துப்போகிறது. முதலில் எதைத் தொட வேண்டும்?

வைப்பரை. ஒரே ஒரு முறை ஓட விடுங்கள். வைப்பர் போன இடம் தெளிந்தால் ஆவி வெளிப்பக்கம். தெளியாவிட்டால் உள்பக்கம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. வெளியே ஆவி படிந்திருக்கும்போது ஏசிக் குளிர்காற்றைக் கண்ணாடியில் அடிக்கவிட்டால், கண்ணாடி இன்னும் மோசமாக மூடும். அதனால் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் எந்தப் பொத்தானையும் அமுக்க வேண்டாம்.

வெளிப்பக்கம் ஏன் படிகிறது?

நன்னாரி சர்பத் கிளாஸின் வெளியே வியர்க்கிற அதே காரணம்தான். வெளிக்காற்று 28 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று ஏறக்குறைய 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள ஈரம் நீராக மாறிவிடும். நீங்கள் ஏசியை 18-இல் வைத்து, குளிர்காற்று முன் கண்ணாடியில் படும்படி ஓட்டினால், கண்ணாடி 25 டிகிரிக்குக் கீழே போய்விடும். வெளிப்பக்கம் முழுக்க வெள்ளை.

ஜூன், ஜூலை மாதங்களில் வள்ளியூர், பணகுடி பக்கமிருந்து வருபவர்கள் இதை நன்றாகக் கவனிக்கலாம். அந்தப் பக்கம் காற்று வறண்டது. ஏசியை எவ்வளவு குறைத்தாலும் கண்ணாடி சும்மா இருக்கும். ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி தோவாளை பக்கம் இறங்கும்போது மேற்கிலிருந்து ஈரக்காற்று எதிரே வந்து அடிக்கிறது. அதுவரை நன்றாகக் குளிர்ந்திருந்த கண்ணாடி அந்த இடத்தில் மூடுகிறது. காற்றாலைப் பகுதியின் பக்கக்காற்றும் சேர்ந்துகொள்ளும் இடம் என்பதால், கணவாய்க்கு முன்பே ஏசியை 25-க்கு ஏற்றிவிடுவது நல்லது.

படிந்த பிறகு செய்ய வேண்டியது: வைப்பர் போட்டுத் துடைக்கவும். ஏசி வெப்பநிலையை 25, 26-க்கு ஏற்றவும். காற்று போகும் திசையை முகத்துக்கு மாற்றவும். புளோயரைக் குறைக்கவும். டேஷ்போர்டின் நடு வென்ட் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பியிருந்தால் கீழே சாய்க்கவும். ஏசியை அணைக்கத் தேவையில்லை.

உள்பக்கம் படிந்தால்?

ஏசியைப் போடுங்கள். காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள் (விசிறி வடிவக் கண்ணாடியில் மூன்று வளைந்த அம்புகள் இருக்கும் படம்). வெளிக்காற்று உள்ளே வரும்படி மாற்றுங்கள். வெப்பநிலைத் திருகைச் சூட்டுப் பக்கம் நகர்த்துங்கள். புளோயரை முழு வேகத்தில் வையுங்கள். இன்ஜின் சூடாகியிருந்தால் ஓரிரு நிமிடத்தில் கண்ணாடியின் அடிப்பகுதியிலிருந்து தெளிந்துகொண்டே மேலே ஏறும்.

இதில் எல்லாரும் தவறுவது வெளிக்காற்றுப் பொத்தானில். காருக்குள் காற்று சுற்றும் நிலையில், அதாவது காருக்குள் வளைந்த அம்பு போட்ட விளக்கு எரிந்தால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 50 கிராம் நீர் வெளியேறுகிறது. ஐந்து பேர் என்றால் கால் லிட்டர். அதோடு நனைந்த குடை, சேலை முந்தானை, மிதியடியில் தேங்கிய தண்ணீர். மழையில் கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பும் கார் ஏன் சீக்கிரம் மூடுகிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஏசியையும் ஹீட்டரையும் ஒன்றாகவா போடுவது? ஒன்றையொன்று அடித்துவிடாதா?

அடிக்காது. இரண்டுக்கும் வேலை வேறு. காற்று முதலில் ஏசியின் கூலிங் காயில் வழியாகப் போகிறது. காயில் குளிர்ந்திருப்பதால் காற்றிலுள்ள ஈரம் அதில் நீராகப் படிந்து, டிரெயின் பைப் வழியாக ரோட்டில் சொட்டிவிடுகிறது. ஈரம் நீங்கிய அதே காற்று அடுத்து ஹீட்டர் காயிலில் சூடேறுகிறது. உலர்ந்த, சூடான காற்றுக்கு ஈரத்தை வாங்கிக்கொள்ளும் பசி அதிகம். அதனால்தான் பல கார்களில் முன் கண்ணாடிப் பொத்தானை அமுக்கியதும் ஏசி தானாகவே ஓடத் தொடங்குகிறது. ஹீட்டர் மட்டும் போட்டால் கண்ணாடி தெளியும். ஆனால் மெதுவாக, காருக்குள் வெக்கையோடு.

ஏசி பழுது. அல்லது ஏசியே இல்லாத பழைய வண்டி. என்ன வழி?

ஹீட்டர், வெளிக்காற்று, முழு புளோயர், எதிரெதிர் மூலையில் இரண்டு ஜன்னலை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி வைப்பது. இவை நான்கும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். ஈரம் நீங்கிய பருத்தித் துணி ஒன்றைக் கையெட்டும் இடத்தில் வைத்திருங்கள். வெறுங்கையால் துடைக்க வேண்டாம். கையின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி, அடுத்த ஆவி அந்த இடத்தில்தான் முதலில் படியும். இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் பட்டால் அந்தக் கைத்தடம் மொத்தமும் பளபளக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் தினமும் காலையில் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது. ஏன்?

காருக்குள் எங்கோ தண்ணீர் தங்கியிருக்கிறது. முன்பக்கம் இரண்டு பேர் கால் வைக்கும் இடத்திலும் மிதியடியைத் தூக்கி, கார்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். மேலே உலர்ந்திருந்தாலும் அடியிலுள்ள பஞ்சு தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். ஈரம் இருந்தால் கீழ்க்கண்டவற்றில் ஒன்று காரணம்.

ஏசி டிரெயின் பைப் அடைப்பு. இதுதான் மிகுதியாகக் காண்பது. புழுக்கமான நாளில் ஏசியை 15 நிமிடம் ஓடவிட்டு, காருக்கு அடியில் பாருங்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். விழாவிட்டால் பைப்பில் தூசியும் பாசியும் அடைத்திருக்கிறது; தண்ணீர் உள்ளே வழிந்து இடது பக்கக் கார்பெட்டில் இறங்குகிறது. வண்டியைத் தூக்கி, கீழிருந்து பைப் நுனியில் மென்மையான நைலான் நரம்பை நுழைத்து அடைப்பை எடுக்கலாம். குறைந்த அழுத்தக் காற்றும் போதும். இரும்புக் கம்பி போட்டுக் குத்தினால் ரப்பர் பைப் கிழியும். சில நேரம் காயிலே ஓட்டையாகும்.

வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியின் அடியில் இலை அடைப்பு. குலசேகரம், திருவட்டார், அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டி வண்டி நிறுத்துபவர்களுக்கு இது கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிரும். உதிர்ந்த இலை அந்த மூடியின் இடுக்கில் விழுந்து மக்கி, இரண்டு ஓரத்திலும் உள்ள வடிகால் துளையை அடைத்துவிடும். ஜூன் மழையில் அங்கே தண்ணீர் குளம் கட்டி, புளோயர் காற்று எடுக்கும் வாய் வழியாக உள்ளே வந்துவிடும். மே மாதத்தில் ஒரு தடவை மூடியைத் திறந்து இலையை வாரிவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி இரண்டு பக்கமும் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டால் மழைக்காலம் நிம்மதி.

ஹீட்டர் காயில் கசிவு. கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம், துடைத்தாலும் இழுபடுகிறது, காருக்குள் லேசான இனிப்பு வாசனை, ரேடியேட்டர் கூலன்ட் அடிக்கடி குறைகிறது என்றால் இதுதான். இதைத் தள்ளிப்போடக் கூடாது. கூலன்ட் தீர்ந்தால் இன்ஜின் கொதிக்கும். கூலன்ட் ஆவி மூச்சுக்கும் நல்லதல்ல.

ஏசி ஃபில்டரையும் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். ஈரமாகி, கறுத்து, பூஞ்சை வாசனை அடித்தால் மாற்றிவிடுங்கள். அடைத்த ஃபில்டரோடு புளோயர் எவ்வளவு கத்தினாலும் கண்ணாடிக்குக் காற்று வராது.

காரணத்தைச் சரிசெய்தால் மட்டும் போதாது. ஊறிய கார்பெட்டைத் தூக்கி, அடியில் செய்தித்தாள் அடுக்கி, மாற்றி மாற்றி வைத்து, வெயில் கிடைக்கும் நாளில் நான்கு கதவையும் திறந்து காயவிட வேண்டும். இரண்டு நாள் முழு வெயில் தேவைப்படும்.

பின் கண்ணாடியில் குறுக்கே போகும் மெல்லிய கோடுகள் அலங்காரமா?

இல்லை. அது ஹீட்டர். வெள்ளி கலந்த குழம்பைக் கண்ணாடியின் உள்பக்கம் கோடாக அச்சிட்டுச் சுட்டெடுத்தது. இரண்டு ஓரத்திலும் நெடுக்காக அகலப் பட்டை இருக்கும். ஒன்றில் 12 வோல்ட் வரும், மற்றது எர்த். நடுவில் ஒவ்வொரு கோடும் தனித்தனியாக மின்சாரம் ஓடிச் சூடேறும். மொத்தம் 10 முதல் 20 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் என்றால் 180 வாட். குறைந்த விலை மாடல்களில் இந்தக் கோடுகளே இருக்காது. வண்டி வாங்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று. அலாய் வீலைவிட இது நம்மூருக்குப் பயன்படும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

சுவிட்சில் செவ்வகத்துக்குள் மூன்று வளைந்த அம்புகள் இருக்கும். இன்ஜின் ஓடும்போது மட்டும் போடுங்கள். பெரும்பாலான கார்களில் 10 முதல் 20 நிமிடத்தில் தானாக அணையும். தானாக அணையாத பழைய வண்டியில் கண்ணாடி தெளிந்ததும் நீங்களே அணைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் பேட்டரிக்குச் சுமை. பின் கண்ணாடிக்கு ஏசிக் காற்று சரியாக எட்டாது, பின்னால் துடைக்கக் கையும் எட்டாது. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் மழையோடு வரிசை கட்டி நகரும்போது பின்னால் வரும் பஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிய இந்த 180 வாட் வேண்டும்.

சுவிட்ச் விளக்கு எரிகிறது. பின் கண்ணாடி சூடாகவில்லை. எங்கே தொடங்குவது?

கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும் காலை நேரத்தில் சுவிட்சைப் போட்டு, மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள். வேலை செய்யும் கோடுகளைச் சுற்றி முதலில் தெளியும். ஒரு கோடு மட்டும் வெள்ளையாக நின்றால் அந்தக் கோடு அறுந்திருக்கிறது. எதுவுமே தெளியாவிட்டால் மின்சாரமே வரவில்லை. மெதுவாக, அரைகுறையாகத் தெளிந்தால் எங்கோ இணைப்பு சரியில்லை.

எதுவுமே சூடாகாதபோது ஃபியூஸ், ரிலே, பட்டையில் ஒட்டியிருக்கும் வயர் முனை, எர்த் போல்ட் என்ற வரிசையில் போங்கள். ஃபியூஸ் பெரும்பாலும் 20 அல்லது 30 ஆம்பியர். அதே அளவுதான் திரும்பப் போட வேண்டும். டிக்கிக் கதவு தூக்கும் ஹேட்ச்பேக் கார்களில் இன்னொரு இடம் உண்டு: கூரைக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, அதனுள் ஓடும் வயர் வெளித்தோல் முழுசாக இருக்கும்போதே உள்ளே அறுந்துபோகும். ரப்பரைக் கழற்றி ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். அறுந்தது ரப்பர் நூல் மாதிரி நீளும். பின் வைப்பரும் நம்பர் பிளேட் விளக்கும் கூடவே வேலை செய்யவில்லை என்றால் முதலிலேயே இங்கே வந்துவிடலாம்.

குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம், கன்னியாகுமரி என்று கடலை ஒட்டி நிற்கும் வண்டிகளில் எர்த் போல்ட்டில் துருவும், வயர் முனையில் பச்சைப் பூப்பும் சர்வசாதாரணம். கழற்றி, உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

கோடு எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். முனை கோட்டைக் கீறிவிடாமல் இருக்க, இரண்டு முனையிலும் அலுமினியத் தாளைச் சிறிது சுற்றிக்கொள்ளுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டரைப் போடுங்கள். கறுப்பு முனையை எர்த் பக்கப் பட்டையில் வைத்து, சிவப்பு முனையை முதலில் எதிர்ப் பட்டையில் வையுங்கள். 12 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 10-க்குக் கீழே காட்டினால் கோட்டைப் பார்க்காதீர்கள், இணைப்பைப் பாருங்கள்.

இப்போது சிவப்பு முனையைச் சந்தேகப்படும் கோட்டில் எர்த் பக்கத்தை நோக்கி மெதுவாக நகர்த்துங்கள். நல்ல கோட்டில் 12-லிருந்து சீராகக் குறைந்து, நடுவில் சுமார் 6, கடைசியில் 0. அறுந்த கோட்டில் 12, 12, 12 என்றே வந்து ஒரு புள்ளியில் சட்டென்று 0 ஆகும். அந்தப் புள்ளிதான். வெளிப்பக்கம் மார்க்கரால் ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள்.

அதை நாமே ஒட்டலாமா?

இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வரையிலான அறுப்பைத் தாராளமாக ஒட்டலாம். பின் கண்ணாடி ஹீட்டருக்கான வெள்ளிப் பெயின்ட் சின்னக் குப்பியில் இணையத்தில் கிடைக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் இடத்தைத் துடைக்கவும். கோட்டுக்கு மேலும் கீழும் டேப் ஒட்டி, கோட்டின் அகலம் மட்டும் தெரியும்படி விடவும். குப்பியை நன்றாகக் குலுக்கவும். வெள்ளி அடியில் படிந்திருக்கும், குலுக்காமல் பூசினால் மேலே மிதக்கும் பசை மட்டுமே வரும். அறுப்பின் இரண்டு பக்கமும் நல்ல கோட்டின் மேல் 5 மில்லிமீட்டராவது ஏறும்படி மெல்லிய பூச்சு. காய்ந்ததும் இரண்டாவது, தேவையானால் மூன்றாவது. முழுக்க இறுகுமுன், பெயின்ட் தொட்டால் ஒட்டாத நிலையில், டேப்பை எடுக்கவும். 24 மணி நேரம் ஹீட்டரைப் போடக் கூடாது.

நம்மூரில் இந்த வேலை தோற்பது பெரும்பாலும் ஈரத்தால். மழை நாளில் கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இருக்கும்; பெயின்ட் பிடிக்காமல் சில வாரத்தில் உரிந்துவரும். வெயிலடிக்கும் நாளில் மதியத்துக்கு முன் செய்யுங்கள்.

வயர் முனையே பட்டையிலிருந்து கழன்றுவிட்டால், மின்சாரம் கடத்தும் எபாக்சிப் பசை வேண்டும். பெவிகுவிக் மாதிரிப் பசை பிடிக்கும், ஆனால் மின்சாரத்தைத் தடுக்கும். சாதாரண ஈயப் பற்று வைத்தால் அச்சிட்ட வெள்ளியை ஈயம் கரைத்துக்கொண்டு பட்டை பெயர்ந்துவரும். வெள்ளி கலந்த சால்டர்தான் வைக்க வேண்டும். அதுவும் அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் கையால். பின் கண்ணாடி டஃபன்ட் கண்ணாடி. ஒரே இடத்தில் அதிகச் சூடு பட்டால் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும்.

இந்தக் கோடுகள் பொதுவாக எப்படிக் கெடுகின்றன?

நம் கையால்தான். உள்பக்கம் ஒட்டிய சன் ஃபிலிமையோ பிள்ளைகள் ஒட்டிய ஸ்டிக்கரையோ பிளேடால் சுரண்டுவது. ஃபிலிமை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் உரிப்பது. டிக்கியில் ஏணி, தேங்காய்ச் சாக்கு, வலைக்கட்டு ஏற்றும்போது நுனி உரசுவது. பழைய ஃபிலிமை எடுக்க வேண்டியிருந்தால் நீராவியோ ஹேர் டிரையரோ காட்டிப் பசையை இளக்கி, கோடு போகும் திசையிலேயே பக்கவாட்டில், ஆற அமர உரியுங்கள். மிச்சப் பசையைச் சோப்புத் தண்ணீரில் ஊறிய துணியால் எடுக்கலாம். வழக்கமான துடைப்பும் கோட்டின் திசையில்தான், குறுக்கே அல்ல.

சன் ஃபிலிம் என்றதும் இன்னொன்று: மத்திய மோட்டார் வாகன விதி 100-இன்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை விட வேண்டும்.

வைப்பர் போட்டாலும் கண்ணாடி இழுபடுகிறது. இரவில் எதிரே வண்டி வந்தால் ஒன்றும் தெரியவில்லை.

கடலோரத்தில் இது ஆவி அல்ல, உப்புப் படலம். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காய்ந்த துணியால் துடைத்தால் உப்பும் மணலும் சேர்ந்து கண்ணாடியில் கீறல் விழும். முதலில் நிறைய நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பிறகு துணி. வைப்பர் ரப்பரின் விளிம்பையும் ஈரத்துணியால் வழித்துவிடுங்கள். கறுப்பாக வருகிற அழுக்குதான் கோடு போடுவது. ரப்பர் வெடித்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். இங்கத்தைய வெயிலுக்கு ஒரு வருஷம் தாங்கினால் பெரிது. ஜூனுக்கு முன் புதுசு போடுவது நல்ல வழக்கம்.

உள்பக்கமும் ஒரு படலம் உண்டு. டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து வெளிவிடும் ஆவி, ஊதுபத்திப் புகை, எல்லாம் கண்ணாடியில் ஒட்டும். சுத்தமான கண்ணாடியைவிட இந்தப் படலத்தில் ஆவி சீக்கிரம் படியும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் மாதம் ஒரு தடவை துடைத்தால் உள்பக்க ஆவித் தொல்லையில் பெரும்பகுதி அப்போதே குறையும்.

புகையிலை தேய்த்தால் தண்ணீர் நிற்காது என்கிறார்களே? ஷாம்பு?

லாரிக்காரர்களின் பழைய வழி அது. வைப்பர் கெட்ட நேரத்தில் வெளிப்பக்கம் கொஞ்ச நேரத்துக்கு உதவும். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவி வழியும். ஷாம்பு உள்பக்கம் தடவினாலும் இதே கதை. பகலில் சரி. இரவில் அந்தப் படலம் எதிர் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். காசு கொடுத்து வாங்குவதானால் உள்பக்கத்துக்கு ஆவி தடுப்பு, வெளிப்பக்கத்துக்கு நீர் விலக்கி. இடம் மாற்றிப் பூசினால் இரண்டுமே உபத்திரவம்.

பின் கண்ணாடி மாதிரி முன் கண்ணாடியையும் சூடாக்கும் கார்கள் உண்டா?

உண்டு. ஃபோர்டு நிறுவனம் 1985-இல் ஐரோப்பாவில் கொண்டுவந்தது. முன் கண்ணாடி இரண்டு தகடுகளாலும் நடுவே ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தாலும் ஆனது. அந்தப் படலத்துக்குள் முடியைவிட மெல்லிய டங்ஸ்டன் கம்பிகளை நெருக்கமாகப் பதித்துவிடுகிறார்கள். கண்ணாடி முழுவதும் ஒரே நேரத்தில் சூடேறும். மேலே படிந்த ஐஸ் ஓரிரு நிமிடத்தில் இளகி, வைப்பர் தள்ளிவிடும். பனிக்குளிரில் இன்ஜின் சூடாகி ஹீட்டர் காற்று வர பத்து நிமிடமாவது ஆகும். அதுவரை வெளியே நின்று சுரண்ட வேண்டிய வேலையை இது மிச்சம் பிடிக்கிறது. குளிர்நாட்டில் ஒரு காலைப்பொழுது அதை அனுபவித்தவர்கள் அடுத்த கார் வாங்கும்போதும் அதைத்தான் கேட்பார்கள். குறையும் உண்டு: இரவில் எதிர் விளக்கு பட்டால் கம்பிகள் மெல்லிய ஒளிக்கோடாகத் தெரியும். சிலருக்குப் பழகிவிடும், சிலருக்குக் கண் உறுத்தும்.

கம்பிக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சைச் சூடாக்கும் வகையும் இருக்கிறது. அப்படிப்பட்ட பூச்சுக் கண்ணாடி ரேடியோ அலையை மறைக்கும். இங்கே ஓடும் விலை உயர்ந்த கார்கள் சிலவற்றில் சூடாக்கும் வசதி இல்லாவிட்டாலும் வெயிலைத் தடுக்க இதே மாதிரிப் பூச்சு இருக்கிறது. நாங்குநேரி சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் படிக்கவில்லை என்றால், டேக்கைப் பூச்சு இல்லாத இடத்தில்தான் ஒட்டியிருக்கிறோமா என்று கார் கையேட்டைப் பாருங்கள். பெரும்பாலும் டிரைவர் பின்னால் பார்க்கும் உள் கண்ணாடியின் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு சிறிய இடம் விட்டிருப்பார்கள்.

அதை நம் காருக்கு மாற்றிப் போடலாமா?

வேண்டாம். பின் கண்ணாடியைப் போலப் பல மடங்கு மின்சாரம் கேட்கும். அதற்கேற்ற ஆல்டர்னேட்டர், தடித்த வயர், தனி ரிலே, கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் வேண்டும். நம்மூர் ஈரத்துக்கு உலர்ந்த ஏசிக் காற்று போதும். சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் சின்ன ஹீட்டர் விசிறிகளையும் வாங்காதீர்கள். அந்தத் துளையின் ஃபியூஸ் 10 அல்லது 15 ஆம்பியர்; அதிகபட்சம் 180 வாட். முன் கண்ணாடிக்கு அந்தச் சூடு எந்த மூலைக்கு? சொருகிய முனை உருகுவதுதான் மிச்சம்.

மகள் லண்டன் பக்கம் நர்ஸ். காரில் முன் கண்ணாடி ஹீட்டர் ஒரு பாதி மட்டும் வேலை செய்கிறதாம்.

இடது, வலது என்று இரண்டு பாதிக்கும் தனித்தனி மின்சுற்று இருக்கும் கார்கள் பல. ஒரு பாதி முழுக்க வேலை செய்யாவிட்டால் அந்தப் பாதியின் ஃபியூஸும், கண்ணாடியின் கீழ் ஓரத்தில் உள்ள கனெக்டரும் முதல் சந்தேகம். வைப்பர் மூடிக்கு அடியில் ஈரம் பட்டு கனெக்டர் கறுத்திருக்கும். நான்கைந்து கோடு மட்டும் தெளியாமல் நின்றால், கல் பட்ட விரிசல் கம்பியை அறுத்திருக்கிறது. கம்பி கண்ணாடிக்குள் இருப்பதால் ஒட்ட முடியாது. இரண்டு பாதியும் வேலை செய்யாவிட்டால் இன்ஜின் ஓடுகிறதா என்று கேளுங்கள். பேட்டரி தளர்ந்திருந்தாலும் பல கார்கள் இந்த ஹீட்டரைத் தாங்களாகவே நிறுத்திவைக்கும். குளிர்காலத்தில் தினமும் கிட்டத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஓடும் காரில் பேட்டரி முழுக்க ஏறாது. வாரம் ஒரு நீண்ட ஓட்டம் அல்லது சார்ஜர் வேண்டும்.

கண்ணாடியை மாற்றும்போது ஹீட்டர் உள்ள அதே ரகம் என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். முன் கண்ணாடியில் கேமரா உள்ள கார் என்றால் மாற்றிய பிறகு கேமராவை அளவு திருத்த வேண்டும். அந்நாட்டுச் சாலை விதிகளின்படி எல்லாக் கண்ணாடியிலும் பனியையும் ஐஸையும் நீக்கிவிட்டே வண்டி எடுக்க வேண்டும். ஹீட்டர் பாதி வேலை செய்தால் மறு பாதியைச் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

டிசம்பரில் ஊட்டி போகிறோம். காலையில் கண்ணாடி உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்றலாமா?

கூடவே கூடாது. உறைந்த கண்ணாடியில் வெந்நீர் பட்டால், கண்ணுக்குத் தெரியாமல் இருந்த சின்னக் கல்லடி குறுக்கே விரிசலாக ஓடும். தலைகுந்தா மாதிரித் தாழ்வான புல்வெளிப் பக்கம் தங்கினால் முந்தின இரவே முன் கண்ணாடியில் அட்டைப்பெட்டியை விரித்து, வைப்பரைத் தூக்கி அதன் மேல் வைத்துவிடுங்கள். காலையில் அட்டையோடு பனியும் வந்துவிடும். மறந்துவிட்டால், இன்ஜினை ஓடவிட்டு, சூட்டைக் குறைவாக வைத்து, சிறிது சிறிதாக ஏற்றுங்கள். பழைய ஏடிஎம் கார்டால் மெதுவாகச் சுரண்டலாம். ஒட்டியிருக்கும் வைப்பரை ஓடவிடாதீர்கள். ரப்பர் கிழியும், மோட்டார் ஃபியூஸ் போகும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து ஸ்பிரே பாட்டிலில் எடுத்துப் போனால் நொடியில் இளகும்.

பாலமோர், கீரிப்பாறை எஸ்டேட் ரோட்டில் மூடுபனி. டிஃபாகர் (கண்ணாடியில் ஆவி நீக்கும் வசதி) உதவுமா?

ரோட்டில் இருக்கும் பனியை எதுவும் நீக்காது. கண்ணாடியைத் தெளிவாக வைத்துக்கொண்டு, டிம் விளக்கில், மெதுவாகப் போங்கள். பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கே வரும்.

பின் கண்ணாடி உடைந்துவிட்டது. மாற்றும்போது என்ன பார்க்க வேண்டும்?

முழுக் காப்பீட்டில் கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ஆனால் கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸ் பாதிக்கப்படலாம், கணக்குப் பார்த்துச் செய்யுங்கள். கோடு உள்ள கண்ணாடிதான் வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். கோடு இல்லாததும் அதே அளவில் அப்படியே பொருந்தும். மாட்டிய பிறகு பேசிப் பயனில்லை. வேலை முடிந்து கடையை விட்டுக் கிளம்புமுன் இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டு, இரண்டு பட்டைக்கும் நடுவே 12 வோல்ட் வருகிறதா என்று அங்கேயே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்பக்கம் புறங்கையை லேசாக வைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் கோடுகளின் சூடு தெரிய வேண்டும்.